காஞ்சனையை மறுபடியும் வாசிப்பேன்

என் பழைய மாணவப் பிள்ளைகளுக்கும் உறவினர்களுக்கும்,

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம். முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகள் கூடிக் கதை வாசிப்பது உங்களில் பலருக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கிற 14 பிள்ளைகள் வருகிறார்கள். சென்ற மாதம் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' வாசித்தோம். அதற்குப் பிறகு எனக்கு வந்தவை மூன்று செய்திகள்.

ஒன்று, என்னிடம் படித்த பெண் அனுப்பிய குரல் பதிவு. "டீச்சர், பாப்பா ரெண்டு நாளா லைட்டை அணைக்க விட மாட்டேங்குறா. இந்தக் கதையெல்லாம் இந்த வயசுல தேவையா?" இரண்டாவது, குடும்பக் குழுவில் என் தம்பி மகன் எழுதியது. "அத்தை, பசங்களுக்கு பாசிட்டிவ்வா ஏதாவது குடுங்களேன்." மூன்றாவது, எங்கள் உறவில் பெரியவர் ஒருவர். கருப்புச் சட்டைக்காரர், நான் மிகவும் மதிக்கிறவர். "பெரியார் மண்ணில் தமிழ் டீச்சர் பேய்க்கதை சொல்லிக் கொடுக்கலாமா அம்மா?" என்று கேட்டார்.

மூவருக்கும் சேர்த்து ஒரே பதில்: வாசித்தேன், மறுபடியும் வாசிப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கதையைப் பற்றி. 'காஞ்சனை' 1943-இல் 'கலைமகள்' இதழில் வந்தது. கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். அவர் வீட்டு வாசலுக்கு ஒரு பிச்சைக்காரி வருகிறாள். அவர் மனைவி அவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் பெயர் காஞ்சனை. ராத்திரியில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஒரு வாசனை. தூக்கம் பிடிக்காமல் புரளும் கணவன். அவள் மனுஷியா, வேறு ஏதாவதா? கதை கடைசி வரைக்கும் சொல்வதில்லை. கதையில் திருநீறும் வருகிறது. ஆனால் வாசிக்கிறவனுடைய சந்தேகத்தை அந்தத் திருநீறு தீர்த்து வைப்பதில்லை.

இதைத்தான் இலக்கியக்காரர்கள் சோதனைக் கதை என்கிறார்கள். வழக்கமான பேய்க்கதையில் பேய் யார், ஏன் வந்தது, எப்படிப் போனது என்ற மூன்றுக்கும் பதில் இருக்கும். புதுமைப்பித்தன் பேய்க்கதையின் சாமான்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, அந்தப் பதில்களை மட்டும் கொடுக்காமல் விட்டுவிட்டார். வாசகன் புத்தகத்தை மூடிய பிறகும் கதை மூடுவதில்லை. அந்தச் சிறுபெண் விளக்கை அணைக்கவிடாததற்குக் காரணம் அதுதான். பேயைக் கண்டு பயந்திருந்தால் பேய் போனதும் தூங்கியிருப்பாள். அவளை எழுப்பி உட்கார வைத்தது விடை கிடைக்காத கேள்வி.

"பிள்ளைகளைப் பயமுறுத்துவது தமிழ்ப் பண்பாடா?" என்று ஒருவர் தனிச் செய்தியில் கேட்டிருந்தார். தமிழ் வாத்தியாரிடம் இதைக் கேட்கக் கூடாது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்றார். அச்சம் அவற்றில் ஒன்று. அச்சம் எதனால் பிறக்கும் என்று நான்கு காரணம் சொன்னார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறைவன் என்னும் அரசன். அணங்கை முதலில் வைத்தார், அரசனைக் கடைசியில் வைத்தார். பத்தாம் வகுப்பில் என்னிடம் மனப்பாடம் செய்தவர்களுக்கு இது நினைவிருக்கும் என்று நம்புகிறேன்.

கலிங்கத்துப் பரணியைத் திறந்து பாருங்கள். செயங்கொண்டார் பேய்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார். போர் முடிந்த களத்தில் அந்தப் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் காய்ச்சிப் பந்தி வைத்துப் பரிமாறுகின்றன. படித்தால் சிரிப்பும் வரும், குடலும் புரளும். வென்ற அரசனைப் புகழும் நூலுக்குள்ளேயே போரின் விலை என்ன என்று காட்டியிருக்கிறார் புலவர். காரைக்கால் அம்மையார் தம் அழகைத் துறந்து பேய் வடிவம் கேட்டு வாங்கியவர். அறுபத்து மூவர் வரிசையில் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்துதான் நீங்கள் எனக்குச் செய்தி அனுப்புகிறீர்கள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது மணிமேகலை. அதில் சார்ங்கலன் என்று ஒரு சிறுவன் வருகிறான். தனியாகச் சுடுகாட்டுக் கோட்டத்துக்குள் போய்விடுகிறான். அங்கே ஒரு பேய், பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடுகிறது. பார்த்தவன் வீட்டுக்கு ஓடி வந்து, பேய்க்கு உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று தாயிடம் சொல்லிச் செத்துப் போகிறான். தாய் கோதமை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சம்பாபதித் தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். தெய்வம் சொல்வதைக் கவனியுங்கள். பேய் உயிரை எடுப்பதில்லை. உன் மகனைக் கொண்டுபோனவை அவனுடைய அறியாமையும் பழைய வினையும்தான் என்கிறது.

பேய் கொல்லாது, அறியாமை கொல்லும். இதைச் சொல்ல சாத்தனாருக்கு ஒரு பேயும் ஒரு சுடுகாடும் தேவைப்பட்டன. பேயை ஒளித்து வைத்துவிட்டு அவர் இந்தப் பாடத்தை நடத்தவில்லை. கருப்புச் சட்டை அண்ணனுக்கு என் பதிலின் முதல் பாதி இது.

மீதிப் பாதி கொஞ்சம் காரமாக இருக்கும்.

'காஞ்சனை' என்று நான் தலைப்பைச் சொன்னதும் பிள்ளைகள் "லாரன்ஸ் படமா டீச்சர்?" என்று கேட்டுச் சிரித்தார்கள். 14 பேரில் 14 பேரும் 'காஞ்சனா' பார்த்திருக்கிறார்கள். தொலைக்காட்சியில், குடும்பத்தோடு, முறுக்கு கடித்துக்கொண்டு. 'சந்திரமுகி'யை எத்தனை தடவை பார்த்தோம் என்று கணக்கே இல்லை என்றார்கள். அதற்காக எந்தத் தாயும் எனக்கோ திரையரங்குக்கோ குரல் பதிவு அனுப்பியதில்லை. ஏன்? அந்தப் படங்களில் கடைசியில் எல்லாம் சரியாகிவிடுகிறது. பேய்க்கு ஒரு பழிவாங்கும் கதை இருக்கிறது. பழி தீர்கிறது. இல்லையென்றால் சாமியார் வருகிறார், எலுமிச்சம்பழம் உருள்கிறது, அம்மன் சன்னதியில் உடுக்கை அடிக்கிறது. பிள்ளை தூங்கிவிடுகிறது.

பிள்ளை தூங்கிவிட்டது என்பதற்காக அதை நல்ல கதை என்கிறீர்கள். தூங்கும்போது அது எதைக் கற்றுக்கொண்டு தூங்குகிறது என்று பார்த்தீர்களா? பயம் வந்தால் அதைத் தீர்க்கிற ஆள் ஒருவர் வெளியே இருக்கிறார், அவரைக் கூப்பிட்டால் போதும் என்று கற்றுக்கொண்டு தூங்குகிறது. மூடநம்பிக்கை வேர்விடும் இடம் அதுதான் அண்ணே. நம் பக்கத்தில் பேருந்து நிறுத்தங்களில், மின்கம்பங்களில் பாருங்கள். ஏவல், பில்லி, வசியம் என்று தொலைபேசி எண்ணோடு ஒட்டியிருக்கும். அந்த எண்ணுக்குப் பேசினால் "எனக்குத் தெரியாது" என்று யாராவது சொல்வார்களா? மந்திரவாதியின் முதலீடே உடனடி விடைதான். விடை தெரியாமல் ஒரு ராத்திரி உட்கார்ந்திருக்கப் பழகியவனிடம் தாயத்து விற்க முடியாது.

நம் எழுத்தாளர்களில் சிலருக்கு இது தெரிந்திருக்கிறது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நினைவிருக்கிறதா? கணேஷ் எல்லாவற்றுக்கும் விஞ்ஞான விளக்கம் தருகிறார். வசந்த் அதை முழுசாக ஒப்புக்கொள்வதில்லை. யார் பக்கம் நிற்பது என்று தீர்மானிக்க வேண்டியது வாசகர். 'ஆ' தொடர்கதையில் ஒவ்வொரு அத்தியாயத்தையும் 'ஆ' என்ற அலறலிலேயே முடித்தார். உருவத்தையே பயத்தின் கருவியாக்கிப் பார்த்த சோதனை அது. 1990-களின் பின்பாதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'விடாது கருப்பு' வந்தபோது, மறுநாள் காலை வகுப்பில் ஒரு பாடமும் ஓடாது. கருப்பு யார் என்று நீங்கள் கட்சி பிரிந்து சண்டை போட்டீர்கள். இன்று நாற்பதைத் தாண்டிவிட்ட நீங்கள் யாரும் அதனால் கெட்டுப் போகவில்லை. துப்பறியக் கற்றுக்கொண்டீர்கள்.

சரி, அன்று மாடியில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். கதையை வாசித்து முடித்ததும் பிள்ளைகள் மூன்று கட்சியானார்கள். காஞ்சனை பேய்தான் என்று ஐந்தாறு பேர். அந்த மனிதருக்கு மனசு சரியில்லை என்று சில பேர். தெரியாது என்று மீதிப் பேர். அப்போது ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், அந்தாளு சொல்றத மட்டும் நாம ஏன் நம்பணும்? காஞ்சனை அவ பக்கத்துல இருந்து சொன்னா கதை எப்படி இருக்கும்?"

கேட்டவள் வேறு யாருமில்லை, ரெண்டு நாள் விளக்கை அணைக்கவிடாத அதே பாப்பாதான். அம்மா, உன் மகள் பயந்தது உனக்குத் தெரிந்தது. அவள் கேட்ட கேள்வி உனக்குத் தெரியாதே என்றுதான் இதை இங்கே எழுதுகிறேன். யார் சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள், சொல்லப்படுபவளுக்கு வாய் இருக்கிறதா என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்டுவிட்டது. முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டும் எத்தனையோ பேருக்கு நான் கொண்டு சேர்க்க முடியாத பாடம் அது.

இந்தப் பாடம் எதற்கு உதவும் என்கிறீர்களா? 2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளை பிடிக்கும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்றின. நம் குடும்பக் குழுவிலும் வந்தது. யார் போட்டார்கள் என்று நான் சொல்லப் போவதில்லை, போட்டவருக்குத் தெரியும். அந்த மாதம் இங்கிருந்து வடக்கே, எண்ணூர் தாண்டினால் வந்துவிடுகிற பழவேற்காட்டில், ஊர் பெயர் தெரியாமல் அலைந்துகொண்டிருந்த ஒரு மனிதரைப் பிள்ளை பிடிப்பவன் என்று அடித்தே கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம் ஒன்று. வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் அந்தக் குடும்பத்துப் பெரியம்மா. அறுபது வயதைத் தாண்டியவர். அவரையும் அடித்துக் கொன்றார்கள்.

வாசலில் வந்து நிற்கும் முகம் தெரியாத ஒரு மனுஷி. அவள் யார் என்று தெரியாத பயம். புதுமைப்பித்தன் கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்தத் தெரியாமையோடு ஒரு மனிதன் எப்படி அவதிப்படுகிறான் என்று காட்டுகிறது. பழவேற்காட்டில் கூடியவர்களுக்கு அந்த அவதி ஐந்து நிமிஷம்கூட இல்லை. அவர்கள் கையில் விடை தயாராக இருந்தது. குரல் பதிவில் வந்துவிட்டதே! பயம் அந்த மனிதரைக் கொல்லவில்லை. பயத்துக்குக் கிடைத்த அவசர விடை கொன்றது. அந்தப் பதிவை அனுப்பும்போது "இது பிள்ளைகள் மனசைக் கெடுக்குமே" என்று யாருக்கும் தோன்றவில்லை. 'காஞ்சனை' வாசித்தால் மட்டும் தோன்றுகிறது.

அந்தக் கதை வந்த காலத்தையும் பாருங்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பயத்தில் சென்னை காலியானது. லட்சக்கணக்கில் ஜனம் ஊரைவிட்டுப் போனது. மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று சிங்கம், புலிகளைச் சுட்டுத் தள்ளினார்கள். படையெடுப்பு வரவில்லை. அதற்கு முன் 1914-இல் எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள்மேல் குண்டு போட்டபோதும் இப்படித்தான் ஜனம் ஓடியது. அந்த பயம் 'எம்டன்' என்று ஒரு வார்த்தையாகவே நம் பேச்சில் தங்கிவிட்டது. 'காஞ்சனை' போர்க் கதை அல்ல. ஆனால் பயந்து காலியாகி மறுபடியும் நிரம்பிய ஒரு பட்டணத்தில், தினமணியில் வேலை பார்த்துக்கொண்டு, ஒருவர் இந்தக் கதையை எழுதினார் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊருக்கு இந்தக் கதையில் தனிப் பங்கு இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வாசனை வருகிற பக்கத்தை வாசித்தபோது, எண்ணூர் பெரியகுப்பத்திலிருந்து வருகிற பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "டீச்சர், இது எங்க வீட்டுக்கு வந்துச்சு" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்த ராத்திரி. பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறி, கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்து, வலையும் படகும் கறுத்துப் போயிருந்தன. ஓடுகிறவனுக்கு அந்த வாசனையின் பெயர் என்ன தெரியும்? தெரியாத ஒன்று ராத்திரியில் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பது மட்டும்தான் தெரியும்.

இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் "ஒண்ணுமில்லை, போய்த் தூங்குங்க" என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். நாமும் நம் பிள்ளைகளுக்கு அதையே சொல்கிறோம். அது ஆறுதல் இல்லை. அதுவும் ஓர் அவசர விடைதான். மந்திரவாதி "பேய்" என்று சொல்லி வாயை அடைக்கிறான். இது "ஒண்ணுமில்லை" என்று சொல்லி அடைக்கிறது. வாசனை வந்தால் எழுந்து உட்கார்ந்து, எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற பிள்ளைதான் எண்ணூருக்கு வேண்டும். அந்தப் பையன் அன்று மாடியில் முதல் தடவையாக அந்த ராத்திரியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினான். இரண்டு வருஷமாக அதை யாரிடமும் சொல்லவில்லையாம். அவனைப் பேச வைத்தது நான் இல்லை. எண்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கதை.

இப்போது என் மருமகன் கேட்ட 'பாசிட்டிவ்'.

தம்பி, 1948-இல் அமெரிக்காவில் 'தி நியூயார்க்கர்' இதழில் ஷெர்லி ஜாக்சன் என்ற பெண் எழுதிய 'தி லாட்டரி' என்ற கதை வந்தது. நம் புதுமைப்பித்தன் இறந்துபோன அதே வருஷம். அந்தக் கதையில் பேய் இல்லை, ரத்தக் காட்டேரி இல்லை. ஒரு கிராமத்து ஜனங்கள் வெயிலில் கூடிச் சீட்டுக் குலுக்குகிறார்கள். சீட்டு யாருக்கு விழுகிறதோ அவரைக் கல்லால் அடித்துக் கொல்கிறார்கள். காரணம் கிடையாது, வழக்கம். அவ்வளவுதான் கதை. அந்தக் கோடையில் 300-க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்ததாக ஜாக்சனே பின்னால் சொன்னார். பெரும்பாலும் கோபம், வசவு. சிலர் இதழை நிறுத்திவிட்டார்கள். அதைவிடக் கொடுமை, இந்தக் குலுக்கல் எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று கேட்டும் சிலர் எழுதினார்கள்.

கதை யாரையும் கெடுக்கவில்லை. உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவந்து காட்டியது. வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டவரை அது உருவாக்கவில்லை, அடையாளம் காட்டியது. பாலத்தருகே கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்கிற கூட்டம் எங்கிருந்து வருகிறது என்று அந்தக் கடிதங்களைப் படித்தால் புரியும். எப்போதும் நல்லதையே காட்டும் கதையால் இதைச் செய்ய முடியாது தம்பி. நீதிக்கதைகளும் வாசிக்கிறோம். ஆனால் நீதிக்கதை மட்டுமே படித்து வளர்ந்த பிள்ளை, கெட்டவன் கெட்டவன் மாதிரியே இருப்பான் என்று நம்பிவிடும். ஊர் கூடிச் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்றும் நம்பிவிடும்.

இதற்கெல்லாம் வரைமுறை இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் 'காஞ்சனை' கொடுக்கப் போவதில்லை. எட்டாம் வகுப்புக்குக் கீழே நான் சேர்ப்பதே இல்லை. தனியாகப் படிக்கவிடாமல், சேர்ந்து உட்கார்ந்து, வாய்விட்டு வாசிக்கிறோம். வாசித்த பிறகு பேசாமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. எந்தப் பிள்ளையாவது வேண்டாம் என்றால் எழுந்து போய் கீழே என் பேரனோடு கேரம் ஆடலாம். இவ்வளவு கவனிப்பு எந்த யூடியூப் 'உண்மைப் பேய்' காணொளிக்கு இருக்கிறது? ராத்திரி பதினொரு மணிக்குப் போர்வைக்குள் காதில் மாட்டிக்கொண்டு அவர்கள் கேட்பது என்னவென்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிள்ளை பயந்தால் விளக்கைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். "பேயெல்லாம் இல்லை, தூங்கு" என்று முடித்துவிடாதீர்கள். வேப்பிலை அடிக்கவும் கூப்பிட்டுப் போகாதீர்கள். "உனக்கு என்ன தோணுது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள். பள்ளியில் எங்களுக்கு நாற்பது நிமிஷத்தில் மணி அடித்துவிடும், உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்த ஞாயிறு சார்ங்கலன் கதை. மணிமேகலையிலிருந்து நானே உரைநடையில் சொல்லப் போகிறேன். மாலை ஐந்து மணிக்கு, அதே மொட்டை மாடியில். இந்தத் தடவை பெற்றவர்களையும் கூப்பிடுகிறேன். கருப்புச் சட்டை அண்ணன் கட்டாயம் வர வேண்டும். சம்பாபதித் தெய்வம் பேசுகிற பகுதியை அவரைத்தான் வாசிக்கச் சொல்லப் போகிறேன்.

சுண்டல் உண்டு.

அன்புடன்,
உங்கள் தமிழம்மா